மறுநாள் நள்ளிரவு வரை

ஸ்டெர்யோஸை நான் என்னவெல்லாம் திட்டினேன் என்று எங்கள் வோலோஸ் ஊர்க் கோர்ட்டு வராந்தாவில் நிற்கும் காவல்காரனைக் கேளுங்கள், வரி விடாமல் ஒப்பிப்பான். அதில் ஒரு வார்த்தையையும் நான் திரும்ப வாங்கிக்கொள்ளப் போவதில்லை. எங்கள் கல்யாணத்தில் என் தலையிலும் என் புருஷன் ரிசோஸ் தலையிலும் கிரீடம் மாற்றி வைத்தவன் அவன். எங்கள் மகள் மிர்சினியைத் தொட்டித் தண்ணீரில் முக்கியெடுத்து ஞானத்தகப்பன் ஆனவனும் அவனே. அப்படிப்பட்டவனைக் கும்பாரோஸ் என்போம்; நான் அவனைக் கும்பாரே என்று கூப்பிடுவேன், அவன் என்னைக் கும்பாரா என்பான். கூடப் பிறந்த அண்ணனோடு சண்டை போட்டால் ஊர் சமாதானம் பண்ணிவைக்கும், கும்பாரோஸோடு போட்டால் காறித் துப்பும். அதிலும் எங்கள் கும்பாரோஸ் ஒரு வக்கீல். இனி நமக்கு என்ன கவலை என்று இருபது வருஷம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன், மடச்சி.

நடந்தது இவ்வளவுதான். ரிசோஸ் டவுன் பஸ் டிரைவர். இருபத்திரண்டு வருஷமாக ஓட்டுகிறான், ஒரு பூனைக்குட்டி மேல்கூட ஏற்றியதில்லை. அன்று காலை கடற்கரைச் சாலை நிறுத்தத்தில் ஒரு கார் குறுக்கே நின்றிருந்தது. ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்த பிறகு, கையில் காப்பியோடு சாவகாசமாக வந்தான் கார்க்காரன். யோர்தானிஸ் என்று பெயர், சலூன் வைத்திருப்பவன். ரிசோஸ் இறங்கி இரண்டு வார்த்தை சொன்னான். அவன் பத்து வார்த்தை சொன்னான். விரலை நீட்டி ரிசோஸின் நெஞ்சில் குத்திக் குத்திப் பேசினான். ரிசோஸ் அந்தக் கையைத் தட்டிவிட்டான். யோர்தானிஸ் ஓர் எட்டு பின்னால் வைத்தான், நடைபாதை விளிம்பு தடுக்கியது, வலது கையை ஊன்றி விழுந்தான். மணிக்கட்டு உடைந்துவிட்டது.

ரிசோஸ்தான் அவனைத் தூக்கி நிறுத்தத்து பெஞ்சில் உட்காரவைத்தான். பக்கத்துப் பெட்டிக்கடைக்காரர் ஸீசிஸ் ஐஸ் கொடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். பிறகு ரிசோஸ் எனக்கு ஃபோன் போட்டான். நான் சலவைக் கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன், அதுதான் என் வேலை.

"டோம்னா, ஒருத்தர் விழுந்துட்டாரு. கை வீங்கிப்போச்சு. ஆம்புலன்ஸ்ல நானும் கூடப் போறேன்."

"இரு இரு, அவசரப்படாத. கும்பாரோஸ்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்."

ஸ்டெர்யோஸ் அப்போது துறைமுகத்துக் கடையில் கிளாஸும் வறுத்த மீனுமாக உட்கார்ந்திருந்தான். மணி பதினொன்று. முழுசாகக் கேட்கக்கூட இல்லை.

"ஆஸ்பத்திரிக்கா? அவனுக்கென்ன பைத்தியமா? போலீஸ் முதல்ல அங்கதான் வரும். கையும் களவுமா பிடிச்சேன்னு விலங்கு மாட்டி லாக்கப்ல போட்டுடுவான். நாளைக்கு நள்ளிரவு பன்னிரண்டு மணி வரைக்கும்தான் போலீஸுக்குக் கெடு. அது தாண்டிட்டா வாரண்ட் இல்லாம தொட முடியாது, சம்மன்தான் அனுப்பணும். பச்சப் புள்ளைக்கும் தெரியுமே கும்பாரா! என் ஆலிவ் தோப்புக் கொட்டகைச் சாவி பூந்தொட்டிக்கு அடியில இருக்கு. போய் ஒளிஞ்சுக்கச் சொல்லு."

தெரியும்தான். எங்கள் நாட்டில் அந்தக் கெடு முடியும் வரை பெரிய இடத்துப் பிள்ளையும் ஒளிவான், மீன் விற்கிறவனும் ஒளிவான். தப்பு செய்தவனும் ஒளிவான், செய்யாதவனும் ஒளிவான். நான் ரிசோஸைக் கூப்பிட்டுப் போகச் சொன்னேன். போனான். ஒன்றரை நாள் ஆலிவ் சாக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து நான் கொடுத்தனுப்பிய பீன்ஸ் சூப்பைக் குடித்தான். அதற்குள் யோர்தானிஸ் கட்டுப்போட்ட கையோடு ஸ்டேஷனுக்குப் போய்ப் பிராது கொடுத்துவிட்டான். வேண்டுமென்றே தள்ளினான், தள்ளிவிட்டு ஓடிவிட்டான் என்று.

பஸ் நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்தது. வேண்டுமென்றே காயப்படுத்தியதாகத் தீர்ப்பானால் வேலை போய்விடும். தீர்ப்பு வரும் வரை ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது, டிப்போவில் பஸ் கழுவலாம். ஐம்பத்தோரு வயது மனுஷன், ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு, நேற்று வரை தான் ஓட்டிய பஸ்ஸைக் குழாய் பிடித்துக் கழுவினான். வீட்டுக்கு வந்ததும் பூட்ஸை வாசலில் கவிழ்த்துவைத்துவிட்டுப் படுக்கப் போய்விடுவான்.

"நீ எதுக்குப் பயப்படற கும்பாரா?" என்பான் ஸ்டெர்யோஸ். "தண்டனை கொடுத்தாலும் நிறுத்திதான் வெப்பாங்க. ஜெயிலுக்கா போகப்போறான்?"

"வேலை போயிடும்னு சொல்றேனே, காதுல விழுதா?"

"அதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். இந்த மாதிரி கேசெல்லாம் ஆறப்போடணும். வாய்தா வாங்கிக்கிட்டே இருந்தா அவனே அலுத்துப்போய் விட்டுடுவான்."

காசு வாங்கமாட்டான். கும்பாரோஸ் ஆயிற்றே, எப்படி வாங்குவான்! அதனால் எதையும் கேட்கவும் முடியாது. வாரம் ஐந்து சட்டை அவனுக்கு இலவசமாகத் தேய்த்துக் கொடுத்தேன், காலர் விறைப்பாக நிற்கவேண்டும் அவனுக்கு. முதல் தடவை அவனுக்கு முதுகுவலி என்று டாக்டர் சீட்டு, வாய்தா. இரண்டாம் தடவை வக்கீல்கள் எல்லோரும் கோர்ட்டைப் புறக்கணித்திருந்தார்கள், வாய்தா. இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

மூன்றாம் தடவை கோர்ட்டு வராந்தாவில் நாங்கள் காலை எட்டரைக்கே போய் நின்றோம். கதவில் ஒட்டியிருந்த பட்டியலில் முப்பத்தொன்றாவது கேஸ் எங்களுடையது. ஸ்டெர்யோஸ் பத்தே காலுக்கு வந்தான், நான் தேய்த்த நீலச் சட்டையில்.

"கும்பாரா, எனக்கு மதியம் லாரிசாவுல ஒரு நிலப் பத்திரம் இருக்கு. ஒரு வாய்தா கேட்டு வாங்கிடறேன்."

"இன்னிக்கு வேணாம் கும்பாரே. இன்னிக்கு முடிச்சிடுங்க. யோர்தானிஸ் என்னதான் எழுதிக் கொடுத்திருக்கான், அதையாவது சொல்லுங்க."

"எல்லாரும் எழுதறதுதான்."

"நீங்க படிச்சீங்களா?"

"படிக்காம இருப்பேனா?"

அந்த நேரம் பார்த்துக் குமாஸ்தா கேஸ் கட்டுகளைச் சுமந்துகொண்டு வந்தார். ரிசோஸ் பெயரைச் சொல்லிக் கேட்டேன். அவர் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்தக் கேசுக்கு இதுவரைக்கும் யாருமே நகல் கேக்கலையேம்மா" என்றார்.

இரண்டு வருஷம்! இரண்டு வருஷமாக என் புருஷன் பஸ் கழுவுகிறான், இவன் கட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அதற்குமேல் கண் தெரியவில்லை.

"அடப் பாவி! உன்னை நம்பி என் குடும்பத்தையே கொடுத்தேனேடா! மீனைத் தின்னுக்கிட்டே யோசனை சொன்ன, தின்ன மீனுக்குக் காட்டின அக்கறையை இந்தக் கட்டுக்குக் காட்டினியா? முதுகுவலியாம் முதுகுவலி! இந்த மனுஷன் முதுகைப் பார், குனிஞ்சு குனிஞ்சு டயர் கழுவி எப்படி ஆயிடுச்சுன்னு பார்!"

"கும்பாரா, மெதுவா. ஜனங்க பார்க்கறாங்க."

"பார்க்கட்டும்! நல்லாப் பார்க்கட்டும்! நீ இனிமே எங்க வக்கீல் இல்ல. உன் சட்டையை இனி நீயே தேய்ச்சுக்கோ, இல்ல கசங்கலாவே போட்டுக்கிட்டுத் திரி!"

இருபது வருஷம் நீங்க நீங்க என்று கூப்பிட்டவனை அன்று முதல்முறையாக நீ என்றேன். வராந்தாவே வாயைப் பிளந்தது. ரிசோஸ் என் கையைப் பிடித்து இழுத்தான், முகம் சிவந்து போயிருந்தது.

"கிரீடம் வெச்சவன் டோம்னா."

"வெச்சான், யார் இல்லேன்னா? இப்ப தலையையே இல்ல எடுக்கப் பார்க்கறான்!"

எதிர் பெஞ்சில் ஒரு வக்கீலம்மா இருந்தார். அறுபது வயதிருக்கும், கட்டை முடி, மடியில் ஒரு கட்டு, பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் சீட்டு செருகியிருந்தது. தன் கட்சிக்காரனிடம், "நாலாம் பக்கத்துல நீ ஒண்ணு சொல்லியிருக்க, ஏழாம் பக்கத்துல வேற சொல்லியிருக்க, எது உண்மை?" என்று அதட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த அதட்டல் தேனாய் இனித்தது. அன்றைக்குக் கோர்ட்டு கலையும் மூன்று மணிக்குள் எங்கள் முறை வராமல் கேஸ் தானாகவே தள்ளிப்போனது. மறுநாள் நான் அவர் படியேறினேன். ஸ்மாரோ என்று பெயர். செருப்புக் கடை மாடியில் ஆபீஸ்.

"அடிதடி, திருட்டு, கொலை எல்லாம் பார்ப்பேன்" என்றார். "நிலப் பத்திரம் எனக்கு எழுத வராது. பல் வலிச்சா கண் டாக்டர்கிட்டயா போவீங்க? ரெண்டு வருஷம் அதைத்தான் பண்ணியிருக்கீங்க." ஃபீஸ் எவ்வளவு, எதற்கெல்லாம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். "ஜெயிச்சுக் கொடுப்பேன்னு சொல்லமாட்டேன். அப்படிச் சொல்ற வக்கீலைப் பார்த்தா எழுந்து ஓடிடுங்க."

அடுத்த வாரம் நகலை வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் உட்காரவைத்தார். கோர்ட்டில் என்ன நடக்கும் என்று அன்றைக்குத்தான் எங்களுக்கு ஒருவர் சொன்னார். முதலில் பிராது கொடுத்தவன் பேசுவான். அப்புறம் நம் சாட்சிகள். கடைசியில்தான் ரிசோஸ் பேசவேண்டும், அதுவரை மூச்சு விடக்கூடாது. பிறகு அரசு வக்கீல் தன் கருத்தைச் சொல்வார், பிறகு ஸ்மாரோ பேசுவார், உடனே அங்கேயே தீர்ப்பு. "இந்தக் கட்டுல இருக்கறதும் அந்த அறையில சொல்றதும்தான் நீதிபதிக்கு உலகம். நீங்க வீட்டுல அழுதது அவருக்குத் தெரியாது" என்றார்.

"சாட்சி யாரு இருக்கா?"

"பெட்டிக்கடை ஸீசிஸ் பார்த்தாரு" என்றான் ரிசோஸ்.

"ரெண்டு வருஷமா அவர்கிட்ட யாராவது கேட்டாங்களா?"

யார் கேட்டார்கள்! தினமும் அந்தக் கடையைத் தாண்டித்தான் நான் வேலைக்குப் போகிறேன். வக்கீலம்மா அன்று மாலையே அந்தக் கடைக்குப் போய் வந்துவிட்டார். கையைத் தட்டிவிட்டதை ஸீசிஸ் பார்க்கவில்லை, ஆனால் ரிசோஸ் தூக்கி உட்காரவைத்ததைப் பார்த்திருக்கிறார், வந்து சொல்வதாகச் சொன்னார்.

ஆனால் வக்கீலம்மாவின் முகம் தெளியவில்லை. "ஓட்டை வேற இடத்துல இருக்கு" என்றார். "தட்டிவிட்டேன், தடுக்கி விழுந்தான், நம்பலாம். தூக்கி உட்கார வெச்சேன், நம்பலாம். அப்புறம் ஏன் ஓடின? நம்ம ஊர்ல எல்லாரும் ஒளிவாங்கன்னு நீதிபதிக்கும் தெரியும். ஆனா அடிபட்டவனை அம்போன்னு விட்டுட்டு ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள ஓடறவனைப் பார்த்தா யாருக்கும் மனசு இறங்காது. யார் சொல்லிப் போன?"

"நானேதான்" என்றான் ரிசோஸ். "பயந்துட்டேன்."

நான் திரும்பி அவனைப் பார்த்தேன். அவன் மேஜைமேல் இருந்த சாம்பல் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அவன்மேல் வந்த ஆத்திரம் ஸ்டெர்யோஸ்மேல் கூட வந்ததில்லை. என்னைக் காப்பாற்றுகிறானாம்! யார் கேட்டது?

"பொய் சொல்றான்" என்றேன். "நான்தான் போகச் சொன்னேன். எனக்குச் சொன்னது ஸ்டெர்யோஸ். அவனைக் கூப்பிடுங்க, கூண்டுல ஏத்துங்க, வந்து சொல்லட்டும்!"

வக்கீலம்மா என் எதிரிலேயே ஸ்டெர்யோஸுக்கு ஃபோன் செய்தார். அவன் கத்தியது எனக்கும் கேட்டது. தொழில் ரகசியமாம், வக்கீல் வெளியே சொல்லக்கூடாதாம். ரிசோஸ் சம்மதிக்கிறான் என்று இவர் சொன்னார். அப்போதும் முடியாதாம். ஃபோனை வைத்துவிட்டு வக்கீலம்மா பெருமூச்சு விட்டார்.

"அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. சொல்றதும் சொல்லாததும் அவரோட மனசாட்சிக்கு விட்டிருக்கு சட்டம்."

"மனசாட்சியா? அவனுக்கா? அதையும் வாய்தா போட்டு வெச்சிருப்பான்!"

அவர் சிரிக்கவில்லை. "ரிசோஸுக்கு ஃபோன் பண்ணினது அவர் இல்லையே. நீங்க. அப்ப சாட்சி நீங்கதான். ஒளிஞ்சுக்கோன்னு புருஷனுக்குச் சொன்னதுக்குச் சட்டம் உங்களை ஒண்ணும் பண்ணாது. ஊர் சிரிக்கும், அவ்வளவுதான். ஆனா ஒண்ணு. என்ன வார்த்தை சொன்னீங்களோ அதே வார்த்தையைச் சொல்லணும். பூசி மெழுகினா நீதிபதி கண்டுபிடிச்சிடுவாரு."

கேஸ் வந்த அன்று மழை. பன்னிரண்டாவதாக எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். யோர்தானிஸ் முதலில் போய் நின்றான். பொய் சொல்லுவான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் சொல்லவில்லை. விரலால் குத்தியதை ஒத்துக்கொண்டான்.

"வேண்டுமென்றே தள்ளினாரா?" என்று கேட்டார் நீதிபதி.

"தட்டிவிட்டாரு, விழுந்தேன். வேணும்னு பண்ணலேன்னா ஏன் ஓடணும்?"

ஸீசிஸ் தான் பார்த்ததைச் சொன்னார். அடுத்து என் பெயர். ஐந்து அடி நடப்பதற்குள் நாக்கு ஒட்டிக்கொண்டது. வாயாடி டோம்னா, காவல்காரன்கூடப் பயப்படுகிற டோம்னா!

"அன்று உங்கள் கணவர் ஃபோனில் என்ன சொன்னார்?"

"ஒருத்தர் விழுந்துட்டாரு, கூட ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு சொன்னாரு. நான் வேற ஒருத்தர்கிட்ட யோசனை கேட்டேன். நாளைக்கு நள்ளிரவு வரைக்கும் ஒளிஞ்சுக்கச் சொல்லுன்னாங்க. திரும்பக் கூப்பிட்டுச் சொன்னேன்."

"என்ன சொன்னீர்கள்?"

வக்கீலம்மா என்னையே பார்த்தார்.

"நீ அந்த ஆம்புலன்ஸ்ல ஏறினேன்னா, அப்படியே போயிடு, வீட்டு வாசல்ல கால் வைக்காதன்னு சொன்னேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை.

"அதற்கு அவர் என்ன சொன்னார்?"

"பாவம் அந்த மனுஷன், வலியில துடிக்கறான் டோம்னான்னு சொன்னாரு. நான் ஃபோனை வெச்சுட்டேன்."

அதற்குப் பிறகு ரிசோஸ் பேசியது இரண்டே நிமிஷம். அரசு வக்கீல் எழுந்து, வேண்டுமென்றே செய்ததாக நிரூபணம் ஆகவில்லை என்றார். ஸ்மாரோ வக்கீலம்மா சுருக்கமாகப் பேசினார். நீதிபதி பக்கத்துத் தாளில் எதையோ எழுதிவிட்டு, தலையைத் தூக்கி, விடுதலை என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்கு இரண்டு வருஷம். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன், ஆத்திரத்தில்தான்.

வராந்தாவுக்கு வந்தால், எவன் நிற்கிறான் என்று நினைக்கிறீர்கள்? ஸ்டெர்யோஸ். கையில் இனிப்புப் பெட்டி. சட்டை கசங்கியிருந்தது, அதில் எனக்குக் கொஞ்சம் திருப்தி.

"ஜெயிச்சுட்டோம் கும்பாரா! ஆறப்போட்டா சரியாயிடும்னு நான் சொல்லல?"

நான் அந்தப் பெட்டியை வாங்கி அவன் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். வாயைத் திறக்கும்போதே ரிசோஸ் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பதைப் பார்த்தேன். ஜன்னலோரம் யோர்தானிஸ் ஒற்றைக் கையால் கோட்டு மாட்ட முயன்றுகொண்டிருந்தான். ரிசோஸ் கோட்டின் ஒரு கையைப் பிடித்துக்கொடுத்தான்.

"கை எப்படியிருக்கு?"

யோர்தானிஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

"மழை நாள்ல குத்தும். கத்தரியை ஒரு மணி நேரத்துக்கு மேல பிடிக்க முடியல." கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டான். "அன்னிக்கு ஆம்புலன்ஸ்ல ஏத்தினப்ப உன்னைத்தான் தேடினேன். பஸ் டிரைவர் எங்க, கூட வர்றேன்னாரேன்னு ஆம்புலன்ஸ் நர்ஸ்கிட்டக் கேட்டேன். ஓடிட்டான்னு சொன்னாங்க. நீ மட்டும் ஏறியிருந்தா நான் ஸ்டேஷன் பக்கமே போயிருக்க மாட்டேன்பா. தப்பு என் பேர்லயும் இருந்துச்சே."

ரிசோஸ் தலையை ஆட்டினான். ஸ்டெர்யோஸ் என் பக்கத்தில் நின்று இனிப்புப் பெட்டியின் நூலை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அவனைத் திட்ட என்னிடம் இன்னும் ஒரு மூட்டை இருந்தது, ஒன்றும் வெளியே வரவில்லை. சொன்னது அவன்தான். ஆனால் ஃபோனில் கத்தியது என் வாய். அந்த மனுஷன் ஆம்புலன்ஸிலிருந்து தேடியபோது, என் புருஷன் என் வார்த்தைக்குப் பயந்து சந்துக்குள் நடந்து போய்க்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை ரிசோஸ் மறுபடி பஸ் ஓட்டினான். சனிக்கிழமை முடி வெட்டிக்கொண்டு வந்தான், ஒரு பக்கம் கொஞ்சம் ஏற்ற இறக்கமாக இருந்தது. எங்கே வெட்டினாய் என்று நான் கேட்கவில்லை.